நாடாவில் எஞ்சியவர்

வில்லியம் ஹார்ட்னெல் எழுதிக் கொடுத்த வசனத்தைப் பேசாமல் தானாகப் பேசுவதைப் பார்க்க வேண்டுமானால், நமக்குக் கிடைப்பது சில நிமிடங்களே ஓடும் ஒரு தொலைக்காட்சிப் பேட்டிதான். 1967 ஜனவரி. இங்கிலாந்தின் தென்மேற்கில் டான்டன் என்ற ஊர். ஒப்பனை அறையில் கண்ணாடி முன் உட்கார்ந்திருக்கிறார். 'புஸ் இன் பூட்ஸ்' என்ற பாண்டமைமுக்காக மேக்கப் நடக்கிறது. பாண்டமைம் என்றால் கிறிஸ்துமஸ் பருவத்தில் குழந்தைகளுக்காகப் போடும், ஆட்டமும் பாட்டும் கோமாளித்தனமும் கலந்த நாடகம். நிருபர் மரியாதையாகத்தான் கேட்கிறார். இவர் சிடுசிடுவென்று பதில் சொல்கிறார். இந்த மாதிரி நாடகங்களைத் தொடர்ந்து செய்வீர்களா என்று கேட்டதும் முகம் மாறிவிடுகிறது. நான் முறையான நடிகன், இதெல்லாம் என் இடம் இல்லை என்கிற தோரணை.

மூன்று மாதம் முன்புவரை பிரிட்டனின் குழந்தைகள் சனிக்கிழமை சாயங்காலமானால் இந்த மனிதருக்காகக் காத்திருந்தார்கள். 'டாக்டர் ஹூ' தொடரின் முதல் டாக்டர் இவர்தான். அந்த வேடத்தை விட்டு விலகிய பிறகு கிடைத்த வேலைதான் இந்தப் பாண்டமைம்.

நான் இவரிடம் வந்து சேர்ந்தது கொஞ்சம் கோணலான வழியில். இவருடைய கடைசிக் கதையான 'தி டென்த் பிளானட்'டை டிவிடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். மொத்தம் நான்கு எபிசோடுகள். மூன்று ஓடி முடிந்தன. நாலாவது தொடங்கியதும் எல்லாரும் திடீரென்று கார்ட்டூனாகிவிட்டார்கள். குரல்கள் அதே குரல்கள், முகங்கள் மட்டும் கோட்டோவியம். டிவிடியில் ஏதோ கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் தேடிப் பார்த்தால், அந்த எபிசோடே உலகத்தில் இல்லை. எடுத்தவர்களே அழித்துவிட்டார்கள். ஒரு நடிகர் தன் வாழ்க்கையின் மிகப் பெரிய வேடத்திலிருந்து விடைபெற்ற அரைமணி நேரம் அது.

அன்றிலிருந்து இந்த ஆளை விட முடியவில்லை.

*

ஹார்ட்னெல் பிறந்தது 1908 ஜனவரி 8, லண்டனின் செயின்ட் பாங்க்ரஸ் பகுதியில். தாய் லூசி ஹார்ட்னெல். தந்தை யாரென்று கடைசிவரை அவருக்குத் தெரியாது. புகழ் வந்த பிறகு பத்திரிகைகளுக்கு வேறொரு கதை சொன்னார். தான் டெவனில், வசதியான குடும்பத்தில் பிறந்தவன் என்று. அந்தக் காலத்து இங்கிலாந்தில் தகப்பன் பெயர் இல்லாமல் பிறந்தவன் என்பது வாழ்நாள் முழுக்க மறைக்க வேண்டிய விஷயம். அவருடைய பேத்தி ஜெசிகா கார்னி 1996இல் எழுதிய வாழ்க்கை வரலாறுதான் இந்த ஒட்டுப்போட்ட கதையைப் பிரித்துக் காட்டியது.

சிறு வயதில் சில்லறைத் தப்புகள் செய்து திரிந்த பையன். ஹ்யூ பிளேக்கர் என்பவர் கண்ணில் பட்டது அவன் அதிர்ஷ்டம். பிளேக்கர் ஓவியர், ஓவியச் சேகரிப்பாளர். 'ஐல்வொர்த் மோனாலிசா' என்று இன்றும் விவாதிக்கப்படும் ஓவியத்தை 1913இல் வாங்கியவர். அவர் இந்தப் பையனுக்குக் கார்டியன்போல ஆனார். முதலில் குதிரைப் பந்தய ஜாக்கியாகப் பயிற்சி, பிறகு இட்டாலியா கான்டியின் நடிப்புப் பள்ளி. 1920களின் நடுவில் ஃபிராங்க் பென்சனின் ஷேக்ஸ்பியர் நாடகக் குழுவில் மேடைக்குப் பின்னால் சாமான் தூக்கும் வேலையிலிருந்து தொடங்கினார்.

முப்பதுகளில் சின்னச் சின்ன நகைச்சுவைப் படங்கள். போர்க் காலத்தில் டாங்கிப் படையில் சேர்ந்தார். மனம் நொறுங்கிப்போய் அங்கிருந்து திருப்பி அனுப்பப்பட்டார். அந்த மனிதருக்கு 1944இல் கிடைத்த வேடத்தைப் பாருங்கள். கரோல் ரீட் இயக்கிய 'தி வே அஹெட்' படத்தில் புதுச் சிப்பாய்களை வறுத்தெடுக்கிற கண்டிப்பான சார்ஜென்ட். நிஜப் பட்டாளத்தில் தாக்குப்பிடிக்க முடியாதவர் திரையில் பட்டாளத்தின் முகமாக ஆகிவிட்டார். அதன் பிறகு அவருக்கு அந்த உடுப்பைக் கழற்றவே விடவில்லை. 1957இல் 'தி ஆர்மி கேம்' என்ற தொலைக்காட்சித் தொடரில் சார்ஜென்ட் மேஜர். 1958இல் 'கேரி ஆன்' படவரிசையின் முதல் படத்தில் மறுபடியும் சார்ஜென்ட். நடுவில் 'பிரைட்டன் ராக்' படத்தில் ரவுடிக் கும்பலின் அடியாள் டாலோ. கத்துகிறவன், மிரட்டுகிறவன், இரண்டு வகைதான்.

1963இல் லிண்ட்சே ஆண்டர்சனின் 'திஸ் ஸ்போர்ட்டிங் லைஃப்' படத்தில் மட்டும் வேறொருவர் தெரிந்தார். நல்ல ரக்பி ஆட்டக்காரனைத் தேடிக் கண்டுபிடிக்கிற, உடம்புக்கு முடியாத, தனிமையான ஒரு வயசாளி. சின்ன வேடம்தான். பிபிசியில் புதுத் தயாரிப்பாளராகச் சேர்ந்திருந்த வெரிட்டி லாம்பர்ட் அதைப் பார்த்துவிட்டு, நான் தேடுகிற ஆள் இவர்தான் என்று முடிவு செய்தார்.

*

அந்தக் கூட்டணியை நினைத்தால் எனக்கு இன்னமும் ஆச்சரியம்தான். வெரிட்டி லாம்பர்ட் 27 வயது யூதப் பெண். அப்போது பிபிசி நாடகத் துறையின் ஒரே பெண் தயாரிப்பாளர். இயக்குநர் வாரிஸ் ஹுசைன், லக்னோவில் பிறந்தவர், 24 வயது. அவருடைய தாய் ஆட்டியா ஹொசைன் ஆங்கிலத்தில் எழுதிய நாவலாசிரியர். இவர்களுக்கு எதிரே 55 வயது ஹார்ட்னெல். பழைய காலத்து வெள்ளைக்காரர். அவருக்கு யூதர்களைப் பற்றியும் வேற்று இனத்தவரைப் பற்றியும் இருந்த கசப்பான பேச்சை, கூட வேலை பார்த்தவர்களே பதிவு செய்திருக்கிறார்கள். இதை மறைத்துவிட்டு அவரைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. தன் பிறப்பை ஊர் என்ன சொல்லுமோ என்று ஆயுள் முழுக்க ஒளித்தவர், மற்றவர்களின் பிறப்பைப் பற்றி இப்படிப் பேசினார் என்பது சங்கடமான விஷயம்தான்.

இவரைச் சாப்பாட்டுக்கு அழைத்துப்போய், சார்ஜென்ட் வேடங்களிலிருந்து வெளியே வர இது ஒரு வாய்ப்பு என்று பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தது அந்த இரண்டு இளைஞர்கள்தான். அவருக்கு வாழ்க்கையில் கிடைத்த மிகச் சிறந்த வேடம், யாரை அவர் கீழாகப் பேசியிருப்பாரோ அவர்கள் கையிலிருந்து வந்தது. லாம்பர்ட்மீது பிற்பாடு அவருக்கு உண்மையான பாசமே உண்டானது. அவர் தொடரைவிட்டுப் போனபோது ஹார்ட்னெல் தனித்துப்போனதாக உணர்ந்தார்.

முதல் எபிசோடு 1963 நவம்பர் 23 அன்று ஒளிபரப்பானது. முந்தின நாள்தான் கென்னடி சுடப்பட்டிருந்தார். ஊரே அந்தச் செய்தியில் மூழ்கியிருந்ததால், அடுத்த வாரம் இரண்டாவது எபிசோடுக்கு முன்னால் முதலாவதை மறுபடி போட்டார்கள். சில வாரங்களில் டாலெக்குகள் என்ற இயந்திர வில்லன்கள் வர, நாடே பைத்தியமானது.

ஹார்ட்னெல் இதைக் குழந்தைகள் நிகழ்ச்சிதானே என்று எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு மிகவும் பிடித்த தகவல் ஒன்று. டாக்டரின் விண்கலமான டார்டிஸில் ஆறு பக்கமுள்ள ஒரு கட்டுப்பாட்டு மேஜை உண்டு. வெறும் செட் பொருள். எந்த ஸ்விட்சும் எதையும் செய்யாது. ஆனால் எந்தப் பொத்தான் கதவைத் திறக்கும், எது கலத்தைக் கிளப்பும் என்று அவர் மனசில் ஒரு வரைபடம் வைத்திருந்தார். ஒவ்வொரு வாரமும் அதே வேலைக்கு அதே பொத்தான். மாற்றி அழுத்தினால் குழந்தைகள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பது அவர் கவலை. இல்லாத ஒரு இயந்திரத்துக்கு ஒழுங்கான மேனுவலை மனப்பாடம் செய்து வைத்திருந்த மனிதர். இருக்கிற மென்பொருளுக்கே ஒழுங்காக டாக்குமென்டேஷன் எழுதாத ஒரு துறையிலிருந்து வருகிறேன், இந்த விஷயத்தில் அவர் காலில் விழலாம்.

*

ஆனால் அதே மனிதருக்கு வசனம் தடுமாறும். இயன் செஸ்டர்ட்டன் என்ற பாத்திரத்தின் பெயரை விதவிதமாகச் சிதைப்பார். கதிர்வீச்சுக்கு எதிரான மருந்து என்று சொல்ல வேண்டிய இடத்தில் கையுறை என்று சொல்லிவிட்டுத் திருத்திக்கொள்வார். ரசிகர்கள் இவற்றுக்கு 'பில்லி ஃபிளஃப்' என்றே பெயர் வைத்துத் தொகுத்துச் சிரிக்கிறார்கள். நானும் சிரித்திருக்கிறேன். வேலை நடந்த விதத்தைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தச் சிரிப்பு கொஞ்சம் அடங்கியது.

முதல் சீசனில் 42 எபிசோடுகள். இரண்டாவதில் 39. மூன்றாவதில் 45. வாரம் ஒன்று. நாலு நாள் ஒத்திகை, பிறகு ஸ்டுடியோவில் ஒரே நாள், சாயங்காலத்தில் பதிவு. ஏறக்குறைய மேடை நாடகம் மாதிரி, கதை வரிசையிலேயே, நிறுத்தாமல் எடுத்துக்கொண்டே போவார்கள். இரண்டு அங்குல அகல வீடியோ டேப்பில் பதிவு. அதை எடிட் செய்ய வேண்டுமென்றால் நிஜமாகவே பிளேடால் வெட்டி ஒட்ட வேண்டும். வெட்டிய டேப்பை மறுபடி முழுசாகப் பயன்படுத்துவது சிரமம். டேப்போ கொள்ளை விலை. அதனால் நடிகர் சின்னதாகத் தடுமாறினால் அப்படியே விட்டுவிடுவார்கள்.

அந்த டேப் தொடக்கத்திலிருந்தே அழித்து மறுபடி பயன்படுத்துவதற்காக வைத்திருந்தது. அதைக் காப்பாற்றத்தான் வெட்டாமல் விட்டார்கள். அந்தச் சிக்கனம்தான் ஹார்ட்னெல்லின் தடுமாற்றங்களை அவர் வேலையின் பகுதியாக்கியது. அதே சிக்கனம்தான் அவர் வேலையில் பெரும்பங்கை இல்லாமலும் செய்தது.

தடுமாற்றத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அவருக்கு ஆர்டீரியோஸ்கிளெரோசிஸ், அதாவது ரத்தக்குழாய் தடிக்கும் நோய். போகப் போக அது நினைவையும் பாதித்தது. வாரத்துக்கு அரைமணி நேர வசனம், வருஷத்துக்கு நாற்பது தடவைக்கு மேல், ஐம்பதுகளின் பின்பாதியில் இருந்த ஒரு நோயாளிக்கு. எரிச்சல் அதிகமானது. புதுத் தயாரிப்பாளர்களுடன் உரசல். 1966இல் 'தி செலஸ்டியல் டாய்மேக்கர்' கதையில் டாக்டரை மாயமாக மறைத்து, திரும்பி வரும்போது வேறு நடிகரை வைத்துவிடலாம் என்றுகூட ஒரு யோசனை ஓடியது. அது அப்போது நடக்கவில்லை. அவர் விடுமுறையில் போயிருந்த வாரங்களில் டாக்டர் ஒரு கையாகவும் குரலாகவும் மட்டுமே வந்தார்.

அடுத்து வந்த தயாரிப்பாளர் இன்னஸ் லாய்ட் அந்த மாற்றத்தைச் செய்து முடித்தார். டாக்டர் வேற்றுக்கிரகவாசிதானே, உடம்பு தளர்ந்ததும் அது புதுசாகிவிடட்டும் என்று ஏற்பாடு. 1966 அக்டோபர் 8 அன்று பதிவு, 29 அன்று ஒளிபரப்பு. மூன்றாவது எபிசோடின் வாரத்தில் ஹார்ட்னெல் படுத்துவிட்டார். வசனத்தை மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்துச் சமாளித்தார்கள். நாலாவதில் வந்தார். டார்டிஸின் தரையில் விழுந்தார். அவர் முகம் ஒளியில் கரைந்து பேட்ரிக் ட்ரௌட்டனின் முகம் வந்தது.

'ரீஜெனரேஷன்' என்ற சொல்லே தொடரில் 1974இல்தான் வருகிறது. இன்று அது அந்தத் தொடரின் உயிர்நாடி. அதனால்தான் அறுபது வருஷம் தாண்டி ஒரே பாத்திரத்தைப் பலர் மாற்றி மாற்றி நடித்துக்கொண்டிருக்கிறார்கள். ரசிகர்கள் அதைத் திருவிழாவாகக் கொண்டாடுகிறார்கள். அதன் மூலம் என்னவென்று பார்த்தால், வசனம் நினைவில் நிற்காமல்போன ஒரு வயதானவரை வேலையிலிருந்து எடுக்க வேண்டிய நிர்ப்பந்தம். அவருக்கு விலக மனமில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

*

இனி அழித்த கதை. என் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. பழைய டேட்டாவை எத்தனை நாள் வைத்திருப்பது என்று முடிவெடுத்து, தாண்டியதை அழிக்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதி ராத்திரியில் ஓட விடுவோம். நானும் எழுதியிருக்கிறேன். தொண்ணூறு நாள் தாண்டினால் போய்விடும். அதில் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. பார்க்க வேண்டியதில்லை என்பதுதான் அந்த ஸ்கிரிப்ட்டின் வசதியே.

பிபிசியில் நடந்ததும் இதுதான். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. நடிகர் சங்கமான ஈக்விட்டி, பழைய நிகழ்ச்சிகளையே திரும்பத் திரும்பப் போட்டால் புது வேலை கிடைக்காது என்று மறுஒளிபரப்புக்குக் கட்டுப்பாடு வைத்திருந்தது. நியாயமான பயம். ஆகவே சில வருஷம் கழித்து அந்த டேப்பைப் போட உரிமை இல்லை. வண்ணத் தொலைக்காட்சி வந்ததும் கறுப்பு வெள்ளையை வாங்க ஆள் இல்லை. அலமாரியில் இடமும் இல்லை. டேப்போ விலை. பொறியாளர்கள் அழித்து மறுபடி பயன்படுத்தினார்கள். ஹார்ட்னெல் நடித்த காலத்து எபிசோடுகளில் ஒன்றுகூட ஒளிபரப்பான அந்த மூல டேப்பில் இன்று இல்லை.

இன்று நாம் பார்ப்பதெல்லாம் நகல்கள். வெளிநாட்டுக்கு விற்பதற்காக, ஒரு திரையில் டேப்பை ஓடவிட்டு அதை 16 எம்எம் ஃபிலிம் கேமராவால் படமெடுத்து வைத்திருந்தார்கள். விற்பனை உரிமை முடிந்ததும் 1970களில் அந்த ஃபிலிம்களையும் கழிக்கத் தொடங்கினார்கள். டேப்பை அழித்த துறை, விற்பனைத் துறையிடம் ஃபிலிம் இருக்கிறது என்று நினைத்தது. ஃபிலிமைக் கழித்த துறை, எங்காவது ஒரு மூலப்பிரதி இருக்கும் என்று நினைத்தது. எல்லாரும் இன்னொருவரிடம் பேக்கப் இருக்கிறது என்று நம்பும் கதை. எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

1978இல் சூ மால்டன் பிபிசியின் முதல் ஆவணக் காப்புத் தேர்வாளராகப் பொறுப்பேற்றார். அதே சமயம் இயன் லெவின் என்ற ரசிகர் பிபிசிக்குள் தேடிப்போக, டாலெக்குகள் முதலில் தோன்றிய கதையின் ஃபிலிம்கள் கழிக்கப்படுவதற்காகக் கட்டி வைத்திருந்ததைக் கண்டார். அது தடுக்கப்பட்டது. அதன்பிறகு அழிப்பு நின்றது. ஹார்ட்னெல் 1975 ஏப்ரல் 23 அன்று 67 வயதில் இறந்துபோயிருந்தார். அவர் கண்ணை மூடியபோது அவருடைய வேலை இன்னமும் குப்பைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது.

*

அவர் காலத்து 134 எபிசோடுகளில் நாற்பதுக்கு மேல் காணாமல்போனவை. வாரிஸ் ஹுசைன் பெரும்பாலும் இயக்கிய 'மார்கோ போலோ' ஏழு எபிசோடுகளும் இல்லை. அவர் கையும் குரலுமாக மட்டும் வந்த 'டாய்மேக்கர்' எபிசோடுகளும் இல்லை.

மீண்டவை மீண்ட விதம்தான் எனக்கு ஆறுதல். 1980களின் நடுவில் நைஜீரியாவிலிருந்து சில கதைகள் திரும்பி வந்தன. லண்டனில் மோர்மன் திருச்சபைக் கட்டடம் ஒன்றின் நிலவறையில் 1983இல் இரண்டு எபிசோடுகள் அகப்பட்டன. 2004இல் ஒரு முன்னாள் பிபிசி பொறியாளர் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தார். எழுபதுகளில் அவரிடம் அதைத் தூக்கிப்போடச் சொன்னபோது, மனசு வராமல் வீட்டுக்கு எடுத்துப்போய்விட்டாராம். விதியை மீறிய அந்த ஒரு பொறியாளரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

குரல் மட்டும் முழுசாக இருக்கிறது. காணாமல்போன எல்லா எபிசோடுகளுக்கும் ஒலி கிடைக்கிறது. காரணம் பள்ளிக்கூட வயதுப் பையன்கள். டிவி முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்திருந்தார்கள். மறுபடி போடமாட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரியும், அதனால்தான். ஜான் க்யூரா என்பவர் தொலைக்காட்சித் திரையைப் படமெடுத்து நடிகர்களுக்கும் இயக்குநர்களுக்கும் விற்றுப் பிழைத்தவர். எபிசோடுக்கு அறுபது எழுபது படம். ஆஸ்திரேலியாவில் ஒருவர் 8 எம்எம் கேமராவைத் திரைக்கு நேரே நீட்டி எடுத்த துண்டுகளில் ஹார்ட்னெல்லின் கடைசி எபிசோடின் சில நொடிகளும் உண்டு. முகம் மாறும் அந்தக் காட்சி தப்பியது 1973இல் 'புளூ பீட்டர்' என்ற குழந்தைகள் நிகழ்ச்சி அதைக் கடன் வாங்கிப் பயன்படுத்தியதால். நான் பார்த்த கார்ட்டூன் எபிசோடு இவற்றையெல்லாம் வைத்துக் கட்டியதுதான். பொத்தானை மாற்றி அழுத்தினால் குழந்தைகள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று அவர் கவலைப்பட்டாரே, அந்தக் குழந்தைகள்தான் அவரைக் காப்பாற்றினார்கள்.

1972 கடைசியில் 'தி த்ரீ டாக்டர்ஸ்' கதைக்கு அவரைக் கூப்பிட்டார்கள். ஆர்வமாக ஒப்புக்கொண்டார். அவரால் வசனத்தை நினைவில் வைத்துக்கொள்ள முடியாது என்று மனைவி ஹெதர்தான் தயாரிப்பாளரிடம் சொல்ல வேண்டியிருந்தது. கதையை மாற்றி எழுதினார்கள். முதல் டாக்டர் எங்கோ சிக்கிக்கொண்டிருக்கிறார், திரை வழியாக மட்டும் பேசுவார் என்று. உட்கார வைத்து, எதிரே அட்டையில் எழுதிப் பிடித்த வசனத்தைப் படிக்கவைத்துப் படமெடுத்தார்கள். உற்றுப் பார்த்தால் கண் வரிவரியாக நகர்வது தெரியும். ஆனால் அந்தப் பழைய அதட்டல் அப்படியே இருக்கிறது. மற்ற இரண்டு டாக்டர்களையும் சின்னப் பையன்களைப்போல விரட்டுகிறார். அதுதான் அவர் கடைசியாக நடித்தது. அது பத்திரமாக இருக்கிறது.

அந்த டான்டன் பேட்டியும் பத்திரமாக இருக்கிறது. ஏதோ உள்ளூர்ச் செய்திப் பிரிவு எடுத்தது, ஃபிலிமில் இருந்ததால் தப்பித்து, 2013இல் அவருடைய கடைசிக் கதையின் டிவிடியில் சேர்ந்தது. இன்னொருமுறை போட்டுப் பார்த்தேன். பாண்டமைம் மேக்கப்போடு இருக்கும் தன்னை யாரும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்பதுபோல முறைத்துக்கொண்டிருக்கிறார். அதே டிவிடியில் நாலாவது எபிசோடில், அவர் கீழே விழுகிறபோது, கோட்டோவியத்துக்கு அடியில் அவர் குரல் மட்டும் கேட்கிறது.